முப்பத்தொன்றாம் கரி: ஒரு திருத்தம்

1

நம் ஊர்ப் பொங்கல் மலரில் போன வருடம் நான் எழுதிய கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. அச்சுப்பிழையாக இருந்தால் மலர்க் குழுவைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இது முழுக்க என் பிழை. "காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுச் செய்த கரி, ஒரு துளி உலோகம்கூட இல்லாமல், பிளாட்டினம் செய்கிற வேலையைச் செய்கிறது" என்று எழுதியிருந்தேன். அதில் "ஒரு துளி உலோகம்கூட இல்லாமல்" என்பது தவறு.

இதற்கு மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்தான். ஆனால் நீங்கள் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லையே. கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்குகிற தொட்டிக்கரிக் களத்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பேருந்து நிலையத்தில் என் படத்தோடு பேனர் கட்டினீர்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினீர்கள். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பித்தாள், அந்தத் தவறான வரியையும் சேர்த்து. அவளுக்காகவாவது நான் விவரமாகச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பூங்கொடி. காங்கேயத்தில் பிறந்து, ஈரோட்டில் வேதியியல் படித்து, கல்யாணமாகி, ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹைதராபாத்துக்கு ரயிலேறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை எல்லாம் இந்த ஊர் இரண்டு கையாலும் வாரிக்கொண்ட காலம் அது. என் கணவரையும் வாரிக்கொண்டது. அவர் மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறார். நான் ஊரின் மறுகோடியில், மல்லாபூரில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம், "நீயும் சாப்ட்வேர்தானே? ஜாவாவா, டெஸ்டிங்கா?" என்று விசாரிக்கிறீர்கள். பதிலுக்கு நகக்கண்களைக் காட்டுவேன். எந்தச் சோப்புக்கும் போகாத கரி அது.

இங்கே வந்த புதிதில் என் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தெலுங்கில் கோடி என்றால் கோழி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ரேஷன் அட்டையில் நான் பூங்கோடி, கேஸ் இணைப்பில் புங்குடி, வங்கியில் பி. கொடி. மூவரும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.

மகள் கயல்விழி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் ஆங்கிலம், கிண்டல் என்றால் ஹைதராபாத் இந்தி. போன கோடை விடுமுறையில் என் அண்ணன் வீட்டில் மூன்றாவது தோசையை வைக்கப்போனபோது, "நக்கோ மாமா" என்று தட்டை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று அர்த்தம். அண்ணன் என்னவோ கெட்ட வார்த்தை என்று நினைத்து அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் தமிழ் பேசாததைப்பற்றி நான் போன மலரிலேயே ஒரு பாட்டம் புலம்பிவிட்டேன்.

3

எங்கள் தொழிற்சாலையில் மொத்தம் பதினோரு பேர். முதலாளி ராவ் சார். காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சொந்தமாக ஒன்று செய்து பார்க்கவேண்டும் என்று இறங்கியவர். சென்னையில் படித்தவர் என்பதால் என்னோடு ஒரு மாதிரித் தமிழில் பேசுவார். உலையைக் கவனிப்பவர் யாதகிரி. என் வயதுதான். பூர்வீகமே இந்த ஊர்தான். உலையின் சத்தத்தை வைத்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார், மீட்டர் பிறகுதான் ஒத்துக்கொள்ளும்.

நாங்கள் செய்வது காற்று மின்கலம். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் காற்று. நிஜமாகவே நாம் மூச்சு விடுகிற காற்றுதான். அந்தப் பக்கத்தில் கரியைப் பசையாகக் குழைத்துப் பூசிய ஒரு தாள் இருக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் வழியாக உள்ளே வந்து வேலை செய்தால் மின்சாரம் வரும். சார்ஜ் ஏற்றும்போது அதே ஆக்ஸிஜன் திரும்பி வெளியே போகவேண்டும். இங்கேதான் சிக்கல். ஆக்ஸிஜன் சரியான சோம்பேறி. போகவும் வரவும் யாராவது உசுப்பிவிட வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் வினையூக்கி. பிளாட்டினம் நன்றாக உசுப்பும். ஆனால் பிளாட்டினம் போட்டு மின்கலம் செய்தால் அதை நகைக்கடையில்தான் விற்கவேண்டும்.

கரியை யூரியாவோடு சேர்த்து அரைத்துச் சுட்டால், யூரியாவில் இருக்கிற நைட்ரஜன் கரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எந்த உலோகமும் இல்லாமலே ஆக்ஸிஜனை உசுப்பும் என்று அப்போது ஆய்வுக்கூடங்களில் பெரிய பேச்சாக இருந்தது. அப்படி ஒன்று கைக்கு வந்தால், வெயிலில் கிடைக்கிற மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனதும் டீசல் குடிக்கிற செல்போன் கோபுரங்களின் வாயை மூடலாம். எந்தக் கரி வேண்டும் என்று ராவ் சார் கேட்டபோது நான்தான் சொன்னேன், எங்கள் ஊர்த் தொட்டிக்கரி என்று. அதைவிட நெருக்கமான, நுண்ணிய துளைகள் உள்ள கரி எங்கே இருக்கிறது?

என் அண்ணனின் கரிக்களத்திலிருந்து மூட்டை வந்தது. அமிலத்தில் அலசினோம். இரும்பு ஜாடியில் அரைத்தால் இரும்புத் துகள் கலந்துவிடும் என்று பீங்கான் ஜாடியும் பீங்கான் உருண்டைகளும் வாங்கினோம். அவ்வளவு ஜாக்கிரதை! முப்பது தடவை செய்தோம். முப்பதும் சுமார். முப்பத்தொன்றாவது, போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்டோபரில் செய்தது, எங்களைத் தூக்கி வாரிப்போட்டது. பிளாட்டினத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மாதக்கணக்கில் அசரவில்லை. ஒரு கிலோ கரி, ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி. ஒரு மின்கலத்துக்கு அரைக் கரண்டி போதும் என்பதால் அந்தப் புட்டி பத்து மாதம் ஓடியது.

உலோகம் அறவே இல்லாத வினையூக்கி என்று ராவ் சார் காப்புரிமைக்கு முதல் மனு போட்டார். முழு விவரத்தோடு மனு போட ஒரு வருடம் அவகாசம் உண்டு. நான் உங்களுக்குக் கட்டுரை எழுதினேன்.

4

போன ஆகஸ்டில் புட்டி அடிதட்டியது. அதே மூட்டை, அதே யூரியா, அதே சூடு. முப்பத்திரண்டாவதைச் செய்தோம். சுமார். முப்பத்துமூன்று, அதைவிட மோசம். முப்பத்தொன்பது வரை போனோம். ஒன்றுகூடத் தேறவில்லை.

கோபுரங்களுக்கு மின்கலம் வாங்குகிற ஒரு நிறுவனத்திலிருந்து அக்டோபர் நடுவில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் எங்கள் பதினோரு பேருக்கும் தொடர்ந்து வேலை. பிடிக்காவிட்டால் தகரக் கூரையை வேறு யாருக்காவது வாடகைக்கு விடவேண்டியதுதான் என்று ராவ் சார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கையில் இருந்தது முப்பத்தொன்றில் இரண்டே கரண்டி.

ஒருவேளை மூட்டை பழசாகிவிட்டதோ என்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏனம்மிணி, போன தடவ அனுப்புனதும் நம்ம களத்துத் தொட்டிதான, இப்பவும் அதேதான். தொட்டி என்ன மல்லியப்பூவா, வாடிப்போறக்கு?" என்றார்.

"இல்லீங்கண்ணா, எதுக்கும் புதுசா ஒரு மூட்டை போட்டு விடுங்க."

லாரி அலுவலகத்துக்கு மூட்டை வந்து சேர்ந்தது. வாங்கப் போனால், சரக்கு எதற்கு என்று படிவத்தில் ஒரு கட்டம். வியாபாரம், சொந்த உபயோகம் என்று இரண்டே வழி. ஆராய்ச்சி என்றேன். அப்படி ஒரு கட்டமே இல்லை என்றார் அங்கிருந்தவர். கரி என்று எழுதினால் தீப்பிடிக்கும் சரக்கு, அதற்கு வேறு படிவம், வேறு அலுவலகம். பெயர்கள் மூன்றும் ஒருத்திதான் என்ற என் லேமினேட் தாளையும் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் இரக்கப்பட்டு, சாம்பிராணி போடுகிற கரிதானே என்று அவரே முடிவு செய்து, "பூஜை சாமான்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

புது மூட்டையில் செய்த நாற்பதாவதும் தேறவில்லை.

5

ஆயுத பூஜை வந்தது. தனி மாநிலம் கேட்டு வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வருகிறவர்களுக்குக் காட்டப்போகிற மின்கலங்களுக்கு லேபிள் எழுதும் வேலையைக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தேன்.

இந்த ஊரில் இயந்திரங்களுக்குத் தசரா அன்று, அதாவது விஜயதசமி அன்று பூஜை செய்துவிட்டு விடுமுறை விடுவார்கள். நான் விடமாட்டேன். எங்கள் ஊர் முறைப்படி முந்தின நாள் ஆயுத பூஜை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குக் கட்டாயம் கொஞ்சமாவது வேலை தொடங்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ராவ் சாரே எனக்குப் பணிந்துவிட்டார்.

அன்றைக்கு நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தபோது யாதகிரி வந்து எதிரே நின்றார்.

"இஸ் சால் நக்கோ மேடம்" என்றார். இந்த வருடம் முடியாதாம். தசரா அன்று அவர் வரமாட்டாராம். போன வருடம் பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டு வந்ததற்கு அவர் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாராம்.

"ஒரே மணி நேரம்தானே கூப்பிட்டேன்" என்றேன்.

அவருக்கு ஒரு வருடத்துக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வந்தது மட்டுமா? ஜாடியைக் கழுவிவிட்டு ஆரம்பிக்கிறேன் என்று சொன்னவரைக் கழுவவிட்டேனா? சாமி குங்குமத்தைத் துடைக்கக்கூடாது, அப்படியே கரியைப் போட்டு ஓட்டு என்று நான்தானே சொன்னேன்? உள்ளே எல்லாம் சிவப்பாகக் கிடந்தது, அதன்மேல்தான் கரியைக் கொட்டினார். ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்யவும் விடமாட்டேன், பண்டிகையும் கொண்டாட விடமாட்டேன் என்றால் எப்படி?

என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை நான் கீழே வைத்தேன். போன வருடம் ஜாடிகளைத் திறந்து வரிசையாக வைத்து, பூவும் குங்குமமும் தூவி அர்ச்சனை செய்தவள் நான். தாராளமாகத் தூவினேன்.

"யாதகிரி, அன்னைக்கு அரைச்சது எத்தனாவது?"

அவர் உலையின் பக்கத்தில் தொங்கிய நோட்டைப் புரட்டினார். தசரா தேதிக்கு நேரே அவருடைய கோணல் எழுத்தில் முப்பத்தொன்று என்று இருந்தது. குங்குமத்தின் சிவப்பில் இரும்பு இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எங்கள் மேசை டிராயரில் கிடந்தது. முப்பத்தொன்றில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினேன். சுத்தமான கரிக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமாகக் காந்தத்தின் பின்னால் ஊர்ந்தது. கயல் ஓடிவந்து என் கையிலிருந்து காந்தத்தைப் பிடுங்கித் தானே நகர்த்திப் பார்த்தாள்.

"அம்மா, சூடு! நடுஸ்தோந்தி!" பார், நடக்கிறது என்று ஒரே கூச்சல்.

நாற்பதாவதை வைத்தோம். அசையவில்லை. லட்சுமி படத்துக்குப் பின்னால் போன வருடத்துக் குங்குமப் பொட்டலம் மிச்சம் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துபோனதால் இங்கே ஏதோ ஒரு கடையில் மலிவாக வாங்கியது. அதைச் சூடு தாங்குகிற ஒரு மூசைக் கிண்ணத்தில் போட்டு எரித்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த நல்ல குங்குமமாக இருந்தால் வெள்ளைச் சாம்பல்தான் மிஞ்ச வேண்டும். இதில் மிஞ்சியது செக்கச் செவேலென்ற பொடி. காவி. நம் பக்கத்தில் கோலத்துக்கு ஓரம் இழுக்கிற அதே காவிதான். காவி என்றால் இரும்புத் துரு. உலைச்சூட்டில் அந்த இரும்பு கரிக்குள் இறங்கி, நைட்ரஜனோடு கைகோத்துக்கொண்டு, ஆக்ஸிஜனை உசுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வருடமாக.

பீங்கான் ஜாடி வாங்கி இரும்பைத் துரத்தியவள், கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை உள்ளே அழைத்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்தது. 

6

சிரித்து முடிப்பதற்குள் ஒன்று உறைத்தது. இது எனக்கும் யாதகிரிக்கும் கயலுக்கும் மட்டும்தான் தெரியும். மனு போட்டாயிற்று. நீங்கள் பேனர் கட்டியாயிற்று. வருகிறவர்களிடம் ராவ் சார் வாயாரச் சொல்லியாயிற்று. கையில் இரண்டு கரண்டி இருக்கிறது. அதில் ஒன்றிரண்டு மின்கலம் செய்து, காட்டி, கைதட்டல் வாங்கி அனுப்பிவிடலாம். இரும்பு விஷயத்தைப் பிறகு நிதானமாகக் கவனித்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியாது. இப்படி நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். சந்தனம் காய்ந்துபோகிற அளவுக்கு உட்கார்ந்து நினைத்தேன்.

கயல் பாதியில் விட்ட லேபிள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். நான் எழுதிக்கொடுத்திருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"அம்மா, இதி கூடா ராயாலா?"

இதையும் எழுதவேண்டுமா என்று கேட்கிறாள். விரல் வைத்திருந்த இடத்தில், "உலோகம் இல்லாதது" என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவள் குத்திக்காட்டவில்லை. பத்து நிமிடத்துக்கு முன் காந்தத்தை நகர்த்தியவள், சந்தேகம் வந்தது, கேட்டாள், அவ்வளவுதான். எழுதச் சொன்னால் எழுதியிருப்பாள், அந்த அச்சு மாதிரிக் கையெழுத்தில். எனக்குத்தான் எழுது என்று வாய் வரவில்லை.

"வேண்டாம், விட்டுடு" என்றேன்.

மாலையில் பூஜைக்கு வந்த ராவ் சாரிடம் தேங்காய் உடைத்த கையோடு சொல்லிவிட்டேன். தாளையும் காந்தத்தையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் மூன்று தடவை நகர்த்திப் பார்த்தார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு, யாதகிரிக்கு, எம்பொண்ணுக்கு."

"அப்போ போதும்மா. விசிட் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"விசிட்ல யார் சார் நின்னு விளக்கறது?"

"நீதான். நீ செஞ்சது, வேற யார் நிப்பா?"

"அப்படின்னா நடந்ததச் சொல்லித்தான் சார் நிப்பேன். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

"என்னம்மா இது, விளையாட்டா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. பதினோரு குடும்பம், இத்தனை வருட உழைப்பு, ஒரு சிட்டிகை குங்குமத்துக்காக எல்லாம் போகவேண்டுமா என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. வெளியே போனார். தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அந்த இரும்பு எவ்வளவு இருக்கும்? எடை போட்டுச் சேர்க்க முடியுமா உன்னால?"

"ஒம்பது நாள் இருக்கு சார். பாக்கறேன்."

"முழு மனு இன்னும் போடலை. அதுல திருத்திக்கலாம். ஆனா ஒண்ணு, அவங்க முன்னாடி நீ சொல்றதுன்னா ஒண்ணு ரெண்டு மின்கலம் பத்தாது. அஞ்சு காட்டணும். அஞ்சும் ஒண்ணு மாதிரி ஓடணும்."

7

யாதகிரியிடம் மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தசரா அன்று காலையில் அவரே வந்தார். கையில் ஜம்மி இலை, அதாவது வன்னி இலை. இங்கே அந்த இலையைத் தங்கம் என்று சொல்லிப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பார்கள். எனக்கும் இரண்டு இலை கொடுத்து, "பங்காரம், மேடம்" என்றார். தங்கமாம். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஜாடியை இன்றைக்காவது கழுவலாமா என்று கேட்டார். நானே குழாயைத் திறந்துவிட்டேன். ஆற அமரக் கழுவினார்.

நாற்பத்தொன்றாவதில் நான் இரும்பு உப்பை அதிகமாகச் சேர்த்துவிட்டேன். காந்தத்தைக் காட்டினால் மொத்தக் கரியும் தாவியது, மின்கலத்தில் போட்டால் படுத்துவிட்டது. நாற்பத்திரண்டில் குறைந்துபோயிற்று. உலை ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். யாதகிரி ஜெனரேட்டருக்கு ஓடுவார். சூடு இறங்குவதற்குள் பிடித்துவிடுவார். டீசலை ஒழிக்கப் பிறந்த கரியை டீசலில் சுட்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பத்து மூன்று தேறியது. அதை நம்பாமல் நாற்பத்து நான்கை யாதகிரி தனியாகச் செய்தார், நான் ஜாடிப் பக்கமே போகவில்லை. அதுவும் தேறியது. முப்பத்தொன்றைவிட ஒரு படி மேல். நான் ஒரு வருடம் சாமி வந்தவள் மாதிரி ஆடியது எதற்கு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒரு தடவை தானாக அமைந்தது. இப்போது யார் செய்தாலும் அமைகிறது.

அண்ணனுக்குச் சொன்னேன். 

"உன்ற பேச்சக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே அம்மிணி. அப்ப நம்ம தொட்டிக்குப் பெருமையே இல்லையா?"

"எப்படீங்கண்ணா இல்லாமப் போகும்? வேற கரியிலயும் இரும்பப் போட்டுப் பாத்துட்டேன். ஒட்டவே இல்ல, கட்டி கட்டியா நின்னுக்குது. நம்ம தொட்டிக்கரியிலதான் துளைக்குத் துளை போயி உக்காருது."

"அதச் சொல்லு மொதல்ல!" என்றார். குரல் பழையபடி ஆகிவிட்டது.

வருகிறவர்கள் வேலைநிறுத்தத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். மூன்று பேர். அவர்களில் முடிவெடுக்கிறவர் ஜெர்மனிக்காரப் பொறியாளர், ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிக்கவே சிரிக்காத முகம். ராவ் சார் எனக்கு முன்னால் போய் நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். நான் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டேன். உங்களுக்கு முன்பு நாங்கள் அனுப்பிய விவரத்தில் ஒரு தவறு இருக்கிறது, அந்தத் தவறு என்னுடையது என்று. பிறகு பூஜையை விளக்கினேன். குங்குமத்தை விளக்கினேன். ஜாடியைக் கழுவக்கூடாது என்று நான் அடம் பிடித்ததை விளக்கினேன். என் ஆங்கிலம் ஈரோட்டு ஆங்கிலம்தான், ஆனால் அன்றைக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

அந்த அம்மாள் முகம் மாறாமல் கேட்டார். காந்தத்தை வாங்கித் தானே நகர்த்திப் பார்த்தார். முப்பத்திரண்டு முதல் நாற்பது வரை தோற்றவற்றின் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு ஐந்து மின்கலங்களையும் ஓட்டச் சொன்னார். ஐந்தையும் வரிசையாக இணைத்து, ஒரு கோபுரப் பெட்டியின் சிறு மாதிரிக்கு வேண்டிய மின்சுமையை ஏற்றினோம். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவில் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, டியூப்லைட் அணைந்தது, எங்கள் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. யாதகிரி பழக்க தோஷத்தில் ஜெனரேட்டருக்கு ஓடப்போனார். ராவ் சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சாயங்காலம் அந்த அம்மாள் எழுந்து சொன்னது இதுதான். நல்ல மின்கலம் காட்டுகிறவர்கள் அவருக்கு நிறையப் பேர் கிடைக்கிறார்களாம். அது ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேராம். ஒரு கோபுரத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். ராவ் சார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என்னைவிடப் பெரியவர், நான் பதறிப்போய், "ஐயோ சார்" என்றேன்.

8

அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது, அன்றும் என்னோடு வந்திருந்த கயல் என் போனை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தோழி ஸ்ராவணியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நிற்பது தெரியாது. காந்தம், குங்குமம், ஜெர்மனிக்காரம்மா என்று ஒன்றுவிடாமல் தெலுங்கில் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துப் பெண் என்ன கேட்டாளோ, இவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பு சேசிந்தி மா அம்மே. பட்டுகுந்தி மா அம்மே. அந்தரி முந்து செப்பிந்தி கூடா மா அம்மே."

தப்பு செய்தது எங்கம்மாதான். கண்டுபிடித்ததும் எங்கம்மாதான். எல்லார் முன்னாலும் சொன்னதும் எங்கம்மாதான்.

உங்களுக்காகத்தான் அவள் சொன்னதைத் தமிழில் எழுதினேன். எனக்கு அது தெலுங்காகவே கேட்கவில்லை.